அக்கா வீட்டு விலாசம்

நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே அக்கா என்னைச் சாப்பாட்டு மேஜையில் தனக்கு எதிரே உட்காரச் சொன்னாள். பெட்டியைக்கூட நான் இன்னும் திறக்கவில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டினாள்.

"பாஸ்போர்ட்டைக் குடு."

வெளிநாட்டுக்காரர் யாராவது ஒரு வீட்டில் வந்து தங்கினால், தங்கவைத்தவர் அதை உடனே இமிக்ரேஷன் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். சி ஃபாரம் என்பார்கள். ஹோட்டலானாலும் சொந்தக்காரர் வீடானாலும் ஒரே சட்டம்தான். அக்கா பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவள். அடுத்தவரைக் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவது அவளுக்குக் கைவந்த வேலை.

"பேர்?"

சொன்னேன்.

"தகப்பனார் பேர்?"

சிரித்துவிட்டேன். "என்னக்கா இது?"

"ஃபாரத்துல கேக்கறா. சொல்லு."

அப்பாவின் படம் அவள் தலைக்கு நேர் மேலே மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"எந்த தேசம்?"

"அதான் பாஸ்போர்ட்லயே இருக்கே."

"வாயால சொல்லேன்."

"சிங்கப்பூர்."

"ம்," என்று தட்டினாள். அதற்கப்புறம் அவள் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. கவுண்டருக்கு வந்தவனிடம் கையெழுத்து பொருந்தவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஆபீசரின் திருப்தி.

கல்யாணமாகி சிங்கப்பூர் போன நான், சில வருஷங்கள் கழித்து அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டேன். சொந்த வீடு வாங்க அது வசதியாக இருந்தது. அப்பாவுக்கு எழுதியபோது, சௌகரியமாக இருந்தால் சரி என்று பதில் போட்டார். பிள்ளை குட்டி இல்லை. போன வருஷம் என் கணவர் தவறிப் போனபின், அந்தப் பதினொன்றாம் மாடி வீட்டில் லிஃப்ட் நிற்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. கல்கத்தாவில், பவானிபூரில் அக்கா தனியாக இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அப்பா அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள். தன் பேங்க் லோனில் வாங்கின ஃப்ளாட். இரண்டு கிழவிகள் ஒரு வீட்டில் இருந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. போனில் கேட்டேன். "வரதுன்னா வா," என்றாள். அதை நான் அழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைச் சரியாக ஒப்படைத்ததற்கான சான்றிதழ் என்னிடம் இல்லை. அதனால் ஆயுசுக்கும் இங்கே இருக்கலாம் என்கிற ஓ.சி.ஐ. அட்டை கிடைக்காமல் நின்று போயிருந்தது. கையில் இருந்தது ஒரு விசா மட்டும். அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். நீட்டிக்க வீட்டுக்காரர் கடிதம், அவருடைய அடையாள அட்டை, கரண்ட் பில் வேண்டும். ஆக, நான் கல்கத்தாவில் இருக்கலாமா கூடாதா என்பது அக்கா போடும் கையெழுத்தில் இருந்தது. அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

எனக்கு அம்மாவின் அறையைக் கொடுத்தாள். அம்மா ஞாபகம் தப்பி வருஷக்கணக்கில் படுத்திருந்த அறை. கட்டிலை மாற்றியிருந்தாள். ஆனால் மூலையில் அம்மாவின் கமோட் நாற்காலி அப்படியே இருந்தது. இரும்புக் கால், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் இருக்கை, கீழே வாளி. முதல் நாள் காலை அதை மடக்கி பால்கனியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பழைய இடத்தில் இருந்தது.

"அதை எடுக்காதே," என்றாள் அக்கா.

"யாருக்காக வெச்சிருக்கே?"

"உனக்காகத்தான். வெள்ளிக்கிழமைன்னா அதைக் கழுவுவேன். அம்மா போயும் பழக்கம் போகலே. இனிமே நீ கழுவு."

"யாரும் உட்காராததை எதுக்குக் கழுவணும்?"

"உட்கார்ந்தப்போ கழுவினியா?"

அம்மா போனபோது என்னால் உடனே வர முடியவில்லை. பழைய விசா காலாவதியாகியிருந்தது. புதிதாக விண்ணப்பித்து அது கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது, பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்து சமையல்காரர்கள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே அக்கா சொன்னாள்: "இந்தியப் பாஸ்போர்ட் இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரி ஃப்ளைட்டுக்கே ஏறியிருக்கலாம்." அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கோபம் தீரட்டும், ஒரு தடவைதானே என்று நினைத்தேன். அக்கா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"அடியில தேய். ஓட்டையோட உள்பக்கம். அங்கதான் ஒட்டிண்டிருக்கும்."

ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. தூசிகூட இல்லை. பாத்திரம் தேய்க்க வரும் மாஷி பதறிப்போய், "நீங்க விடுங்க, நான் செய்யறேன்," என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். அக்கா அவளைத் தடுத்தாள். "இருக்கட்டும். ஒருநாள்கூட செய்யாதவள். செய்யட்டும்." அடுத்த வெள்ளிக்கிழமையும் கழுவினேன். அதற்கடுத்த வெள்ளியும். மாஷி அந்த நேரத்தில் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை.

கடிதம் கேட்டால் அக்கா, "பாக்கலாம்," என்பாள். கரண்ட் பில் கேட்டால், "பீரோவுல இருக்கும். தேடணும்," என்பாள். அந்த பீரோவில் பத்து வருஷத்து பில்கள் மாதவாரியாக நூல் கட்டி இருப்பது எனக்குத் தெரியும். ரசத்தில் உப்பு கூடினால், "இப்படி அலட்சியமா இருக்கறவாளுக்கு எல்லாம் எப்படி லெட்டர் எழுதறது," என்பாள். ஜது பாபு பஜாரில் கத்தரிக்காய் முற்றலாக வாங்கி வந்துவிட்டேன் என்று, பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமி முன்னாலேயே, "அந்த ஊர்ல எல்லாம் பிளாஸ்டிக்ல சுத்தி விப்பா. கையால தொட்டுப் பாக்கத் தெரியாது," என்றாள். குரலை ஒருநாளும் உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

விசா முடியப் போகிற வாரம் கடிதத்தைக் கொடுத்தாள். ஸ்கேன் பண்ணுவதற்காக மேஜையில் விரித்தபோது படித்தேன். மேற்படி வெளிநாட்டவர் என் விலாசத்தில் தங்கியிருக்கிறார். அவ்வளவுதான்.

"தங்கைன்னு போடலையே?"

"விலாசத்துக்குத்தானே லெட்டர் கேட்டா. ஜாதகத்துக்கா கேட்டா?"

நான் என் விண்ணப்பத்தில், உடன்பிறந்த அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று தட்டி, அவள் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

சில நாட்கள் கழித்து, காலையில் குளித்துவிட்டு வந்தபோது ஹாலில் ஏதோ குறைந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. அப்பா படம் இல்லை. அம்மா படம் இல்லை. விக்டோரியா மெமோரியல் புல்வெளியில் ஒரே துணியில் தைத்த கவுன் போட்டு நானும் அவளும் கை கோத்து நிற்கும் படமும் இல்லை. அந்த இடங்களில் சுண்ணாம்பு வெளுத்த சதுரங்கள் தெரிந்தன.

"படமெல்லாம் எங்கே?"

"வெள்ளையடிக்கணும். கழட்டினேன்."

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெரிஃபிகேஷனுக்கு ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவர் வருவதாக அக்காவுக்கு முன்னாடியே போன் வந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. நல்ல கோப்பையை எடுத்து அவருக்கு டீ கொடுத்தாள். பிஸ்கட் வைத்தாள்.

அவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் வங்காளியில் பதில் சொன்னதும் சந்தோஷப்பட்டுவிட்டார். "இவ்வளவு நல்லா பேசறீங்களே, எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இங்கேதான் பொறந்தேன். இதே பேட்டையிலதான் ஸ்கூல். இவங்க என் கூடப்பிறந்த அக்கா."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஆப்னார் கே ஹொன்?" உங்களுக்கு இவங்க யார் வேணும்?

அக்கா டீத்தட்டில் சிந்தியிருந்ததைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேயு நா."

யாருமில்லை.

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு பேர் குரலும் ஒரே மாதிரி இருக்கே," என்றார் தயங்கி.

"மதராசிக்காரங்க குரல் உங்களுக்கெல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்," என்றாள் அக்கா.

பாவம், அந்தப் பையன் முகம் சிவந்துவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "பொய் சொல்றா. அக்கா, என்ன சொல்றே நீ? சுவரைப் பாருங்க, இப்பத்தான் படத்தைக் கழட்டியிருக்கா." என் குரல் கிறீச்சிட்டது எனக்கே கேட்டது. இரண்டு பேரில் எவள் பொய் சொல்கிறவள் மாதிரி இருந்தாள் என்று கேட்டால், நான்தான். அக்கா கை கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்காரங்க சொல்றதை நான் எழுதணும், தீதி," என்றார் அவர். "மிச்சத்தை நீங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க." டீயைக் குடித்து முடிக்காமலே கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அக்கா, கட்டிலுக்கடியிலிருந்து படங்களை எடுத்தாள். சமையலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஸ்டூல் ஆடறது. பிடிச்சுக்கோ," என்றாள்.

பிடித்துக்கொண்டேன். அப்பா, அம்மா, கவுன் போட்ட நாங்கள் இரண்டு பேர் என்று ஒவ்வொன்றாக மாட்டினாள். "நேரா இருக்கா பாரு," என்றாள். நேராகத்தான் இருந்தது.

இமிக்ரேஷன் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்தது. நேரில் போனேன். அங்கே எனக்குப் பக்கத்தில் ஒரு பங்களாதேஷ்காரி, கணவனின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேன்சர் என்றாள். கெஸ்ட் ஹவுஸை இன்றோடு மூன்றாவது தடவை மாற்றியாயிற்றாம். ஒவ்வொரு தடவையும் விலாசத்தைப் புதிதாகத் தெரிவிக்க அவனை அறையில் தனியாக விட்டுவிட்டு அலைகிறாள். "உங்களுக்கு இங்கே யார் இருக்காங்க?" என்று என்னைக் கேட்டாள். அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மேலே கேட்பாள் என்று, "தெரிஞ்சவங்க," என்றேன்.

கூப்பிட்ட அதிகாரி மரியாதையான மனிதர். "மேடம், நீங்க அக்காங்கறீங்க. அவங்க யாருமில்லைங்கறாங்க. ஒண்ணு அவங்களைத் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்க. இல்லைன்னா உங்களை ஒத்துக்கற வீட்டுக்காரர் விலாசத்துக்கு மாறிக்கோங்க. கொஞ்சம் டைம் தரேன்." அதற்கு மேல் அவர் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா முன்னால் நின்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணினா எழுதித் தருவே? சொல்லு. பண்ணிடறேன்."

பேப்பரை மடித்து வைத்தாள். "ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காந்து ஒண்ணைக் கேளு. பாதியில எழுந்திருக்கப்படாது."

போனைத் தேடி எதையோ தட்டினாள். அம்மா சாயங்காலங்களில் எப்படிப் பிதற்றுகிறாள் என்று தெரிந்துகொள்ள டாக்டர் பதிவு பண்ணிக்கொண்டு வரச் சொன்னாராம். அப்போது எடுத்தது.

அம்மாவின் குரல் என் பெயரைக் கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. எனக்கு உடனே அழுகை வந்துவிட்டது.

"அழாதே. முழுசாக் கேளு," என்றாள் அக்கா.

அடுத்து என் குரல் கேட்டது. "வந்துட்டேம்மா. இதோ, நான்தான்."

தூக்கிவாரிப்போட்டது. நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"சிங்கப்பூர்லேர்ந்து எப்போடி வந்தே?" என்றாள் அம்மா.

"இப்பத்தாம்மா."

"சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. கையைத் தூக்கு, துடைச்சு விடறேன்."

துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழியும் சத்தம். பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "அவ எங்கே?"

"யாரும்மா?"

"அதான், உங்க அக்கா. என்னைப் போட்டுப் படுத்தறாடி. கிள்ளறா. சாதம் போடறதில்லே. அவளை உள்ள விடாதே. நீ வந்துட்டியோல்லியோ, இனிமே அவ வேண்டாம். சொல்லு, விட மாட்டியே?"

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"விட மாட்டேம்மா," என்றது குரல்.

அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "கடைசி வரைக்கும் இப்படித்தான். என் பேரைச் சொல்லிண்டு போனா அடிப்பா, மூஞ்சியில துப்புவா. உன் பேரைச் சொன்னா குளிப்பாட்ட விடுவா, ரெண்டு வாய் சாப்பிடுவா. உயிர் போறச்சேகூட என் கையைப் பிடிச்சுண்டு உன்னைத்தான் கூப்பிட்டா. நானும் இதோ இருக்கேம்மான்னு குரல் குடுத்தேன்." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "இப்ப அந்தப் போலீஸ்காரன் வந்து இவ உனக்கு யாருன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? இந்த ஆத்துல உன் பேர்ல இருந்தது நான். நீ யாரு?"

எழுந்து போய் அவளைத் தொட்டிருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும். ஆனால் இத்தனை வாரமாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் தேய்த்ததும், ஸ்டூலைப் பிடித்ததும் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"அம்மாவுக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு சொல்றே," என்றேன். "எனக்கென்னமோ அவ சரியாத்தான் சொல்லியிருக்கான்னு தோணறது. நீ மனுஷாளைப் போட்டுப் படுத்தறவதான்."

அக்கா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் மெல்ல மெல்ல ஒரு பேங்க் கவுண்டர் மாதிரி மூடிக்கொண்டது.

"ரூமைக் காலி பண்ணு," என்றாள்.

நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து லேப்டாப் தட்டும் சத்தம் கேட்டது. வெளிநாட்டவர் போகிறார் என்பதையும் தங்கவைத்தவர்தான் தெரிவிக்க வேண்டும்.

"அடுத்து எங்கே போறே?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதுன்னு போட முடியாது. ஒரு விலாசம் வேணும்."

நான் பெட்டியைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. அவள் பிராஞ்சில் கணக்கு வைத்திருந்த ஒரு தமிழர், ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆகி, கங்கைக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் வீடு கட்டியிருந்தார். மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. "ஆமாம், லேடிதான். தனி ஆள். வெஜிடேரியன். எனக்கா? உறவெல்லாம் ஒண்ணும் இல்லை. கேட்டாங்க, அதான்," என்று சொல்லிவிட்டு, விலாசத்தை எழுத்துக்கூட்டிக் கேட்டு வாங்கித் தட்டினாள். அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தாள். டாக்ஸியில் ஏறும்போது மேலே பார்த்தேன். பால்கனியில் அவள் இல்லை. மாஷிதான் பெட்டியைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சாந்த்ராகாச்சியில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்காரர் அன்றே சி ஃபாரம் போட்டார், கடிதம் கொடுத்தார், போலீஸ் வந்தபோது வாடகைக்கு இருப்பவர் என்றார். சரியான பதில் அது. அவர் மனைவி மட்டும் போலீஸ் போனபின், "இதுவரைக்கும் எங்க வீட்டு வாசல்ல போலீஸ் வந்ததே இல்லீங்க மாமி," என்றாள். அடுத்த வாரம் பேரப்பிள்ளைகளை மாடிக்கு அனுப்பினாள். வங்காளிதான் அவர்களுக்கு நன்றாக வரும். இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும் சொல்லிக்கொடுங்கள் என்றாள். கேட்டது கெஞ்சலாக இல்லை. இல்லையென்று நான் சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் தலைவலி என்று படுத்தபோது, "அடுத்த வருஷமும் லெட்டர் வேணுமில்ல மாமி, ரொம்ப உடம்பைக் கெடுத்துக்காதீங்க," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

விசா நீட்டிப்பு துர்கா பூஜை சமயத்தில் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல எனக்கு இந்த ஊரில் ஒருத்திதான். போன் பண்ணினேன். எடுத்தாள்.

"எக்ஸ்டென்ஷன் வந்துடுத்து," என்றேன்.

பதில் இல்லை. ஆனால் வைக்கவும் இல்லை. போனை மேஜையில் போட்டுவிட்டாள் போல. குக்கர் விசில் கேட்டது. டி.வி.யில் ஏதோ வங்காளி சீரியல் ஓடியது. பருப்பு குழைந்துவிட்டது என்று மாஷியை அவள் கோபித்துக்கொள்வது கேட்டது. மாஷி ஏதோ சொல்ல, அவள் சிரித்ததுகூடக் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் ரயில்வே யார்டில் எஞ்சின் மாற்றும் சத்தம் அதிகமானபோது மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களோடு மாடிப்படி ஏறி வந்தார்கள். நான்தான் போனை வைத்தேன்.